உபரியான சின்னையா

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்தில் இருந்த சர்க்கார் நெல் குடோனை ஒரு காலத்தில் மூன்று பேர் காத்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று இலாகா. முன்கேட்டில் சுடலைமுத்து, அவர் நெல் இலாகா. பின்பக்கம் வடிகால் மதகையும் கரையையும் பார்த்துக்கொண்ட சின்னையா வாய்க்கால் இலாகா. வாய்க்காலில் சாராயக் குடம் மிதந்து வருகிறதா என்று பார்க்க மதுவிலக்குக்காரர்கள் போட்டுவைத்திருந்த ஆள் சவரிநாதன்.

நெல் மூட்டை நகர்ந்தால் சவரிநாதன் வானத்தைப் பார்ப்பார். குடம் மிதந்தால் சின்னையா கரையில் எலிவளை தேடுவான். மதகில் தண்ணீர் ஏறினால் சுடலைமுத்து பீடி பற்றவைப்பார். அவரவர் இலாகா அவரவருக்கு. ஆனால் சாயங்காலம் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள். அதனால் குடோனும் பிழைத்தது, கரையும் பிழைத்தது. சாராயம் மட்டும் எப்படியோ போய்க்கொண்டுதான் இருந்தது. அதை இப்போது கிளறுவானேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் சர்க்காருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. குடோன் காவல், கரைக்காவல், பாலக்காவல், மதுவிலக்குக் காவல் எல்லாவற்றையும் வாரி ஒரே இலாகாவில் போட்டார்கள். ஒரே காக்கி, ஒரே ஆபீசர், ஒரே அளவில் தொப்பி. தொப்பி சவரிநாதனுக்கு உச்சியில் நின்றது. சின்னையாவுக்குக் காது வரை இறங்கியது. சுடலைமுத்துவுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. அப்போதே டீக்கடையில் அதைக் கவனித்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காவல்காரர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே சந்துக்காரர்கள். கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில், சுடலைமுத்து வீட்டுக்கு நேர் எதிர்வீடு சின்னையா வீடு. இந்த வீட்டில் கடுகு தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

புது ஆபீசர் மெட்ராஸிலிருந்து வந்தவர். குடோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே இடத்தில் மூன்று பேர் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்.

இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். வாய்க்கால் இலாகாவில் நாலு ஆள் கேட்டால்தான் இரண்டு ஆள் கிடைக்கும். ஆகவே அங்கே எல்லாரும் கூசாமல் இரண்டு பங்கு கேட்பார்கள். நெல் இலாகா இதற்கு நேர்மாறு. மேலே இருக்கிறவர் முடியுமா என்று கேட்டால் முடியுங்க என்றுதான் சொல்ல வேண்டும். அது பதிலே இல்லை, கும்பிடு போடுகிற மாதிரி ஒரு மரியாதை. பழைய சூப்பரிண்டெண்ட் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வேண்டிய ஆளைத் தாமாகவே அனுப்பிவைப்பார். மெட்ராஸ்காரருக்கு இந்த இரண்டு மரியாதையும் தெரியாது.

சின்னையா உள்ளே போய், ஆறு பேர் இல்லாமல் இந்த இடத்தைக் காக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். ஆபீசர் சிரித்தாராம். அடுத்தது சுடலைமுத்து.

"நீர் ஒருத்தரே முன்னையும் பின்னையும் பாத்துக்க முடியுமா?"

"முடியுங்க ஐயா."

அவ்வளவுதான். சவரிநாதனைப் பொன்மலைப் பக்கம் மாற்றினார்கள். சின்னையா உபரி என்று ஆனான். உபரி என்றால் வேலை போகவில்லை, சம்பளம் மட்டும் கிடையாது, இடம் காலியானால் கூப்பிடுவார்கள் என்று அர்த்தமாம். சுடலைமுத்து தோளில் சிவப்புப் பட்டை ஏறியது. ஜமேதார், காவல்காரர்களுக்குத் தலைவர்.

வாய்ப்பழக்கத்தில் சொன்னதுதானே என்று சுடலைமுத்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பகலில் அது செல்லுபடியாகும். படுக்கையில் புரளும்போது ஆகாது. குடோனுக்கு ஒரே ஒரு ஜமேதார் பதவி வரப்போகிறது என்று ஆபீஸ் பியூன் முந்தின நாளே காதில் போட்டிருந்தான். அது தெரிந்து சொன்ன முடியுங்கவும் தெரியாமல் சொல்கிற முடியுங்கவும் ஒன்றா? மனைவி ரெங்கம்மாளிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. பியூன்தான் டீக்கடையில் சொல்லிவிட்டானே. சின்னையா வீட்டைத் தவிர சந்து முழுக்கத் தெரியும்.

அன்று சாயங்காலம் சின்னையா வந்து, உள்ளே என்னண்ணே சொன்னீங்க என்று கேட்டபோது, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்ப்பா என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைச் சின்னையா பெண்டாட்டி வெள்ளையம்மாள் தானாகக் கட்டிக்கொண்டாள். எங்களுக்காக அண்ணன் ஆபீசரோட எவ்வளவோ மல்லுக்கட்டினாங்க, அந்தப் பாவி மனுசன்தான் கேக்கலை என்று குழாயடியில் அவள் சொல்லும்போது, குடம் வைத்திருந்தவர்களெல்லாம் குடத்துக்குள் பார்த்தார்கள். அவள் கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் வாரத்துக்கு ஒரு தடவை எதிர்வீட்டுக்குப் போயிற்று. சுடலைமுத்துவுக்கு முருங்கைக்காய் உயிர். அந்த மாதத்திலிருந்து பல்வலி என்று தட்டில் ஒதுக்கினார்.

சின்னையா மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிப் பொதி தூக்கப் போனான். தோள் காய்த்தது. இதற்கு நடுவே அவனுக்கு இன்னொரு வில்லங்கம், மதகுச் சாவி. வடிகால் மதகைத் திருகித் திறக்கிற முழ நீள இரும்புச் சாவி அது. வேலை போன மறுநாளே வாய்க்கால் இலாகாவின் பழைய ஓவர்சியரிடம் கொண்டுபோனான். காவல்காரன் சாமானெல்லாம் இப்போது புது இலாகா, அங்கே கொடு என்றார் அவர். புது இலாகாவில் சாமான் வாங்கி வைக்க இன்னும் அறை ஒதுக்கவில்லை, பழைய இடத்திலேயே கொடு என்றார்கள். சைக்கிளில் கட்டிக்கொண்டு இரண்டு ஆபீசுக்கும் அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்தான்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை வாய்க்காலைக் கரை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சுடலைமுத்து முன்கேட்டில், அளவான தொப்பியோடு, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பின்பக்கம் தண்ணீர் அடுக்கின் அடி மூட்டையை நக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் ஆயுசில் அந்தப் பக்கம் பார்த்துப் பழக்கமில்லையே. சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தவன் சின்னையாதான். சுவரேறிக் குதித்து, மதகைத் திருகித் திறந்து, வெள்ளத்தைக் கொள்ளிடத்துப் பக்கம் தள்ளிவிட்டான். அதற்கப்புறம்தான் சுடலைமுத்து பின்னால் வந்து பார்த்தார். இடுப்பளவு சேற்றில் சின்னையா நின்றுகொண்டிருந்தான்.

"எம்பேரை எடுத்துறாதீங்கண்ணே. உபரி ஆளு உள்ள வந்தது ஒரு தப்பு, சாவி எங்கிட்ட இருந்தது ஒரு தப்பு. நீங்களே தொறந்ததா இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. மறுநாள் ஆபீசர் வந்து, ஒற்றை ஆளாகக் குடோனைக் காப்பாற்றியதற்காக எல்லார் முன்னாலும் சுடலைமுத்துவைத் தட்டிக்கொடுத்தார். எந்தச் சாவி, யார் சாவி என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மதகு எப்படித் திறக்கும் என்று தெரிந்தால்தானே தோன்றும். தட்டின இடம் அன்றைக்கெல்லாம் எரிந்துகொண்டே இருந்தது. அப்புறம் சுடலைமுத்து சரியாகச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தால் இவர் கொல்லைப்பக்கம் போனார். மனுஷன் இளைத்துப்போய்ச் சட்டை தொளதொளத்தது. ஜமேதார் வேலை அவ்வளவு கஷ்டமா என்று தெருவில் வேண்டுமென்றே கேட்டவர்களும் உண்டு.

கார்த்திகையில் உபரி ஆட்களின் மனுவை ஆபீசர் நேரில் விசாரிக்கப்போவதாகத் தகவல் வந்தது. சின்னையா கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு சுடலைமுத்து முன்னால் வந்து நின்றான். கூட வந்து, இவன் ஒழுங்கான ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். வேறு எதுவும் வேண்டாம். வெள்ளையம்மாள் மாசமாக இருந்தாள். பொதி தூக்கி வருகிற கூலியில் மழை நாளில் அடுப்பு எரியவில்லை. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு மாமனார் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு வார்த்தை என்ன, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று சுடலைமுத்து மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். அந்த முடிவு வந்ததும் அவருக்கே அழுகை வந்தது. அன்று இரண்டாம் தடவையும் சாதம் போட்டுச் சாப்பிட்டார். ரெங்கம்மாள் அதிசயப்பட்டாள்.

கண்டோன்மெண்டில் இருந்த ஆபீசில் சின்னையா முறை வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனார்கள். ஆபீசர் நல்ல மனநிலையில் இருந்தார். குடோனைக் காப்பாற்றிய ஜமேதாரே கூட வந்திருக்கிறாரே என்று உட்காரக்கூடச் சொன்னார். காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சின்னையா, முக்கொம்புல ஷட்டர் பக்கம் ஒரு எடம்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. முடிவு செய்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்தது சுடலைமுத்துவுக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஐயா, நான் பாவிங்க. பதவிக்கு ஆசைப்பட்டு ஒத்தை ஆளா முடியும்னு சொல்லிட்டேன். முடியலைங்க. அன்னைக்கி மதகைத் தொறந்தது நானில்லைங்க, இந்தச் சின்னையாதாங்க. வீட்லேர்ந்து சாவி கொண்டாந்து, செவுரேறிக் குதிச்சு..."

சின்னையா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். சுடலைமுத்து நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது என்னவோ நிஜம்தான்.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஆபீசர். ஜமேதாரிடம் ஒன்றும் கேட்கவில்லை, சின்னையாவிடம் கேட்டார். சர்க்கார் சாவி உபரி ஆள் வீட்டில் எத்தனை மாதமாக இருக்கிறது? யார் கொடுத்தது? நெல் இருக்கிற இடத்துக்குள் சுவரேறிக் குதித்தது அதுதான் முதல் தடவையா? சாவியோடு இரண்டு ஆபீசுக்கு அலைந்த கதையைச் சின்னையா சொன்னான். இரண்டு ஆபீசிலும் அதற்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? இதைத் தனியாக விசாரிக்க வேண்டும், அதுவரை முக்கொம்பு இடத்துக்கு வேறு ஆளைப் போடலாம் என்று பக்கத்துக் கிளார்க்கிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சிவப்புப் பட்டை? அது சுடலைமுத்து தோளிலேயே இருந்தது. ஜமேதாரைத் தண்டிக்கிற அதிகாரம் யாருக்கு என்று புது இலாகாவில் இன்னும் முடிவாகவில்லையாம். வெளியே வரும்போது அதை அவரே பிய்த்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. சின்னையாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பஸ் நிறைந்து வந்தது, ஏறவில்லை. சுடலைமுத்துதான் பேச்சை எடுத்தார். மனசு கேக்கலைப்பா, அதான் சொல்லிட்டேன் என்றார்.

"இப்ப லேசாயிருச்சாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். அதனாலேயே அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

முருங்கைக்காயும், குழாயடியில் வெள்ளையம்மாள் பேசின பேச்சும், அவள் வயிறும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு ஞாபகம் வந்தன. நாளைக்குக் காலையிலேயே மறுபடி வந்து ஆபீசர் காலில் விழுகிறேன், சாவி என் வீட்டில்தான் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், எல்லாப் பழியும் எனக்கே வரட்டும் என்று அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

சின்னையா துண்டை உதறித் தோளில் போட்டான். பஸ் வந்துகொண்டிருந்தது.

"வேணாண்ணே. நீங்க போகாம இருந்தீங்கன்னா அதுவே பெரிய உபகாரம்."

சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக ஏறினான். சுடலைமுத்து பின்வாசலில் ஏறி, உட்கார இடம் இருந்தும், காவிரிப் பாலம் தாண்டுகிற வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.