ஏழு மணி மாத்திரை

பேராசிரியர் வெசல்ஸ் 'படை' என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து நிற்பார். அன்று காலை நான்காவது முறை எழுந்தபோது மா குமேடே என் பக்கம் குனிந்து, "நாற்காலியில ஆணி கீணி இருக்கா?" என்றாள்.

"பெருமைம்மா. ஒங்க ரத்தத்தப் பத்திப் பேசறாரு."

டர்பனில் இந்த ஆய்வு மருத்துவமனையில் ஆங்கிலத்தைச் சுலு மொழியில் இறக்கி வைப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. அவர் கோட்டு சூட்டோடு அனுப்புகிற வாக்கியத்தை நான் பனியனோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மா குமேடே டாக்ஸி ஸ்டாண்டில் மாவு உருண்டை பொரித்து விற்பவள். எச்.ஐ.வி. அவள் உடம்புக்குள் வந்து பதினான்கு வருடம். ஒரு மாத்திரைகூட விழுங்காமலே கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. ஆயிரத்தில் யாரோ சிலருக்கு வாய்ப்பது. கிருமி எண்ணிக்கை ஏறினால் அன்றைக்கே மாத்திரை என்பது பேச்சு. அன்றும் ஏறவில்லை.

"கொல்லும் அணுக்களின் மாபெரும் படை!" என்றார் பேராசிரியர், ஐந்தாவது முறை எழுந்து.

"அப்ப கிருமி செத்திருச்சா?" என்றாள்.

"இல்லம்மா, உள்ளதான் பதுங்கியிருக்கு. அது குடியிருக்கற செல்லு தலைய நீட்டினா ஒங்க வெள்ளணுக்கள் தட்டிருதுங்க."

"அப்ப படையில்ல தம்பி. எங்க ஸ்டாண்டுல வரிசை பாக்கறவன் மாதிரி. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒருத்தன் வரிசை தாண்ட மாட்டான்."

மொழிபெயர்த்தேன். பேராசிரியர் குறித்துக்கொண்டார். அடுத்த மாநாட்டில் அவருக்கே தோன்றியதாக வரும்.

பிறகு கேமராவை எடுத்தார். 'மாத்திரை தேவைப்படாத பெண்' என்று எல்லா மருத்துவமனைச் சுவரிலும் அவள் படம் வருமாம்.

"வேண்டாம்."

"பேர் போட மாட்டாங்களாம்மா."

"மொகத்தப் போடுவாங்கல்ல?"

வியர்வை துடைக்க அவள் கைக்குட்டையை உருவியபோது பையிலிருந்து ஒரு டப்பா விழுந்து திறந்துகொண்டது. ஏழு அறை, ஏழு வெள்ளை மாத்திரை. பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அந்த டப்பாவுக்குள் கிடந்தன. "ரகசியமாகச் சாப்பிடுகிறாளா?" என்று கேட்கச் சொன்னார். ஆமென்றால் அவள் இத்தனை வருடம் கொடுத்த ரத்தம் பொய், ஆய்விலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

வெளியே பெஞ்சில் அவள் கணவர் பெகி உட்கார்ந்திருந்தார். "கதவச் சாத்து தம்பி," என்றாள். "ஒங்க டாக்டர ஒண்ண எடுத்து வாயில போடச் சொல்லு."

பேராசிரியர் போட்டார். புதினா மிட்டாய்.

"வெளிய இருக்கற அந்தாளு நாலு வருஷம் முன்னாடி மாத்திரைய நிறுத்திட்டாரு. 'என்னாலதான் உனக்கு வந்துச்சு. உனக்கு ஒண்ணுமில்ல, நான் மட்டும் சீக்காளியா'ன்னு. எலும்பா ஆயிட்டாரு. எனக்கும் ஏறிருச்சு, நானும் ஆரம்பிச்சுட்டேன்னு சொன்னேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே தம்ளர் தண்ணில முழுங்கறோம். அவரு தொண்ட ஏறி எறங்கறவரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். சுவத்துல என் படத்தப் பாத்தா தம்ளரக் கீழ வச்சிருவாரு."

இந்த முறை பனியனோடு வந்ததைப் பனியனோடே மேலே அனுப்பினேன்.

கதவைத் திறந்தோம். பெகி எழுந்தார். பெஞ்சு முனகியது, இப்போது அவ்வளவு கனம். "என்னவாம்?"

"மாத்திரை நல்லா வேலை செய்யுதாம்," என்றாள்.

"அப்படியா டாக்டர்?"

பேராசிரியர் வாசலில் நின்றார். கேமரா தொப்பையில் தொங்கியது, மிட்டாய் இடது கன்னத்தில் புடைத்திருந்தது. அதை மெல்ல வலது கன்னத்துக்கு உருட்டினார். பிறகு, மொழிபெயர்க்க எனக்கு எதுவும் மிச்சம் வைக்காமல், தலையை ஆட்டினார்.