டொமினியன் அரங்கில் முளைத்த தூண்

ரொறன்ரோ டொமினியன் தேசிய அரங்கில், போன ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, தனுஷிகாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவளுடைய அப்பா இரத்தினவேலின் கதிரைக்கு முன்னால் ஒரு தூண் முளைத்தது. நிலத்தைப் பிளந்துகொண்டு வந்து பல்கனியின் அடியில் முட்டி நின்றது. தங்கப்பூச்சு, திராட்சைக் குலை வேலைப்பாடு எல்லாம் அரங்கோடு பொருந்தியிருந்தன.

1912இல் அந்த அரங்கைக் கட்டியவர் ஒரு பிடிவாதக்காரர். எந்தக் கதிரைக்கும் மேடை மறையக் கூடாதென்று, தூண் ஒன்றுகூட இல்லாமல், சுவருக்குள் புதைத்த இரும்பு உத்தரங்களில் பல்கனியை நிறுத்தினார். விழுந்துவிடும் என்று நகரமே பயந்தது, விழவில்லை. அதற்காகவே அரசாங்கம் அதைத் தேசியச் சின்னமாக்கி, வாசலில் பித்தளைப் பலகை பதித்தது. அங்கே மேடையை முதன்முதலாக மறைத்தவர் இரத்தினவேல்தான்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரவில் பிக்கரிங்கில் ஃபக்டரி, பகலில் டெலிவரி. மகள் ஆடி அவர் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. இதையாவது கண்ணாரப் பார்த்து, வீடியோவாகவும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கமெராக்களையும் அவற்றைத் தூக்கும் பெரிய கிரேன் ஒன்றையும் அரங்கின் நடுவில் நிறுத்தினார்.

"தம்பி, ஒண்டும் தெரியேல்லை, உதைக் கொஞ்சம் விலத்துங்கோ," என்றார் பின்வரிசை ஜெயமலர் அன்ரி.

"ஒருநாள்தானே அன்ரி, பிறகு வீடியோவில பாக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, தூண் வந்தது. அவர் பக்கத்துக் கதிரைக்கு மாறினார், தூணும் மாறியது. பதறியடித்துக் கிரேனை வெளியே அனுப்பி, அன்ரியிடம் மன்னிப்பும் கேட்டார். தூண் போகவில்லை. மற்ற எல்லோருக்கும் மேடை முழுதாகத் தெரிந்தது, அவருக்கு மட்டும் மகள் இல்லை. பாவம், அந்த ஆஜானுபாகுவான மனிதர் தூணைக் கட்டிக்கொண்டு விம்மினார். அப்போதுதான் உள்ளங்கையில் அவளுடைய கால்கள் கேட்டன. ஒவ்வொரு மிதியும், மூச்சு வாங்கியதும்கூடத் தூண் வழியாக வந்தது. தில்லானா முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"இடது குதி நோகுதே, பிள்ளை?" என்று பிறகு கேட்டார். அந்த நோவை அவள் ரீச்சரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சலங்கையை அவிழ்ப்பதை விட்டுவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

வீடியோவில் தூண் மட்டுமே இருந்தது. மரபுச் சின்னங்களின் அதிகாரி கிளிபோட் வந்து பூச்சைச் சுரண்டிப் பார்த்து, அது 1912ஆம் ஆண்டுத் தூண், ஆகவே அகற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். அரங்கைச் சுற்றிக் காட்டுபவர்கள் இப்போது அதையும் காட்டுகிறார்கள்.

இந்த வசந்தத்தில் தனுஷிகா மறுபடி அங்கே ஆடினாள். அப்பாவுக்கு முன்வரிசையில் நடுக்கதிரை ஒதுக்கியிருந்தார்கள்.

"வேண்டாம். எனக்குத் தூணுக்குப் பின்னால தாங்கோ," என்றார் அவர்.

திரை விலகியது. தனுஷிகா முதல் அடியை வழக்கத்தைவிட ஓங்கி மிதித்தாள்.