வெள்ளிக்கிழமை கோல்ஃப்

மரக்காணத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. உப்பளம் இருக்கிறது, ஈ.சி.ஆர். ரோடு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷம்சாத்தின் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. அந்த ஸ்டோரில், வளையல் டப்பாக்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் ஷம்சாத் கோல்ஃப் ஆடினாள் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேருக்குக் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆடியது போனில்தான். எதிராளி அவள் புருஷன் முஜீப் ரஹ்மான். அவர் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறார். போன வருஷம் வெயில் காலத்தில், லீவு நாளான வெள்ளிக்கிழமையிலும் ஓவர்டைம் பார்க்கப் போய், வேலை இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஷம்சாத் அழுத அழுகையில், இனி வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்கெல்லாம் சரி, மனுஷன் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. அங்கே போய் யார் பார்ப்பது? அதனால் அவர் பொழுதுபோக்குக்கு ஆடிக்கொண்டிருந்த கோல்ஃபை அவளே பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒன்பது குழி ஆட்டம், குறைந்த அடியில் முடிக்கிறவருக்கு ஜெயம். அது முடிகிறவரை முஜீப் ரூமில் கட்டிலில்தான் கிடக்கிறார் என்று அவளுக்கு நிம்மதி.

பந்தயம் கட்டியது அவர்தான். இரண்டு பக்ரீத்துக்கு வராமல் போன மனுஷனிடம், இந்தத் தடவையாவது வருவீர்களா என்று அவள் கேட்டாள்.

"என்னிய ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. பக்ரீத்துக்கு நான் நம்ம வூட்டுல இருப்பேன்" என்றார் முஜீப்.

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. சிரிக்காமல் என்ன செய்வார்? அவரிடம் இருந்த மட்டைகள் எல்லாம் உயர்ந்த ரகம். ஒன்று பந்தை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடும். இன்னொன்று, பந்து எந்த வழியில் உருண்டு குழிக்குப் போகும் என்று கோடு போட்டே காட்டும். ஷம்சாத்திடம் இருந்ததோ புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கும் கத்துக்குட்டி மட்டைகள். நல்ல மட்டை வேண்டுமானால் விளம்பரம் பார்த்துப் பரிசுப் பெட்டி திறக்க வேண்டும். விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் அவள் போன் மூச்சை நிறுத்திவிடும். மகள் ஆஸிஃபா காலேஜ் சேர்ந்து புது போன் வாங்கியபோது தள்ளிவிட்ட பழசு அது, கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். ஆட்டத்தின் நடுவே யாராவது கூப்பிட்டாலும் ஆட்டம் போச்சு. அதனால் ஆடும்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. விளையாட்டிலேயே இருக்கும் பொம்மை முகங்களை அனுப்பிக்கொள்வதோடு சரி.

ஆரம்பத்தில் ஷம்சாத் தோற்ற தோல்வியைச் சொல்லி மாளாது. பந்து மரத்தில் மோதும், மணலில் புதையும், இல்லாவிட்டால் நேராக ஏரிக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவள் ஆரோக்கியசெல்வி. உப்பளத்தில் விடிகாலை வேலைக்குப் போய் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறவள். சாயங்காலம் ஃபேன்சி ஸ்டோர்தான் அவளுக்குக் கச்சேரி.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு ஒன்று உண்டு. இந்தக் கரையில் காற்றுக்கு, அது எங்கேயிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் பேர். கடலிலிருந்து வந்தால் கடல்காத்து, மேற்கேயிருந்து வந்தால் மேல்காத்து. திரையில் காற்றைக் காட்ட ஒரு அம்பு இருந்தது. அம்பின் முனை இருக்கிற பக்கமிருந்துதான் காற்று வருகிறது என்று ஷம்சாத் எடுத்துக்கொண்டாள். செல்வியும் அடித்துச் சொன்னாள். இப்படியே காற்றுக்கு ஏற்றமாதிரி திருப்பி அடிக்கிறோம் என்று, கூடுதலாகத் தப்பான பக்கத்துக்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து போய்க் காட்டில் விழும்போதெல்லாம் மட்டை சரியில்லை என்று அதைத் திட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷம்சாத் மாடியில் காய்ந்த துப்பட்டாக்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். திரையில், குழியில் நட்டிருந்த சின்னக் கொடி அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

"செல்வி, கொடி எந்தப் பக்கம் பறக்குது பாரு."

"அம்பு காட்டற பக்கம்தான் பறக்குது."

"காத்து அங்கேர்ந்து வந்தா கொடி எப்படி அங்கியே பறக்கும்? துணி காத்து போற பக்கம்தானே பறக்கும்?"

செல்வி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தினி நாளா நம்மள ஏமாத்திட்டான்க்கா" என்றாள். யார் ஏமாற்றியது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பந்து சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஏரிதான் பாக்கி. கத்துக்குட்டி மட்டைக்கு ஏரியைத் தாண்டும் பலம் இல்லை. முஜீப் ஒரே அடியில் தாண்டுகிறாரே என்ற ரோஷத்தில் ஷம்சாத்தும் ஓங்கி ஓங்கி அடித்து, பந்துகளைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உப்புப் பாத்திய யாராச்சும் தாண்டிக் குதிப்பாங்களாக்கா? நாங்கள்லாம் வரப்பு மேலதான் சுத்திப் போவோம்" என்றாள் செல்வி, முறுக்கைக் கடித்துக்கொண்டே.

ஷம்சாத் சுற்றிப் போனாள். ஓங்கி ஒரு அடி அடிக்கிற இடத்தில் அளவாக இரண்டு அடி. தண்ணீருக்கு முன்னால் ஒரு நிறுத்தம், பிறகு கரையோரமாக ஒரு நடை. பார்க்கப் பவிசாக இருக்காது, ஆனால் பந்து போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் முஜீப்புக்கு நிதானம் என்ற பேச்சே கிடையாது. எப்போதும் முழு வேகம். குழியையும் தாண்டி, குழி இருக்கும் மேடையையும் தாண்டி, பந்து பின்னாலிருக்கும் தண்ணீரில் தொப்பென்று விழும். விழுந்த அடுத்த நொடி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்று வந்து நிற்கும். கல்யாணமான புதிதில் பொம்மையார்பாளையத்துக்கு பைக்கில் கூட்டிக்கொண்டு போகும்போதும் மனுஷன் இதே வேகம்தான், இதே சிரிப்புதான்.

ஷம்சாத் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றாள். அடுத்த வாரமும் அப்படியே. இன்ஷா அல்லாஹ், வருகிற வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வியிடம் சொன்னாள். பக்ரீத்துக்கு எந்த அறையில் புது ஃபேன் மாட்டுவது என்பதுவரை மனசு போய்விட்டது.

அங்கேதான் விஷயம் மாறியது. அந்த வெள்ளிக்கிழமை முஜீப் திடீரென்று திருந்திவிட்டார். ஓங்கி அடிக்கவில்லை, தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஷம்சாத் நன்றாகத்தான் ஆடினாள், ஆனாலும் தோற்றாள். அதற்கடுத்த வாரமும் அதே கதை. இப்படியே போனால் பக்ரீத் வந்துவிடும், அவர் வரமாட்டார் என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஏரிக்கரையில் எதிராளியின் பந்து நின்றது. முஜீப்பின் மட்டைக்கு அந்த ஏரி ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பந்து தண்ணீருக்கு முன்னால் பயபக்தியோடு நின்று, பிறகு சின்னதாக ஒரு தாவு தாவியது. ஷம்சாத் போனைக் கீழே வைத்தாள்.

"செல்வி, இது அவரு இல்ல."

"இன்னாக்கா சொல்ற? அவரு போட்டோதானே இருக்குது."

"போட்டோ அவரோடதுதான். கை வேற."

"ஆட்டம் கத்துக்கிட்டு இருப்பாரு."

"ஆட்டத்தக் கத்துக்கலாம். ஆனா அவரால தண்ணிகிட்ட நிக்க முடியாது" என்றாள் ஷம்சாத். அவர் ரூமில் இல்லையென்றால் எங்கே இருக்கிறார்? அவர் வெயிலில் மயங்கிக் கிடந்த போட்டோவைப் போன வருஷம் யாரோ அனுப்பியிருந்தார்கள், அது கண்முன்னால் வந்து நின்றது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு முஜீப்பின் நம்பருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ ஒரு இளவட்டக் குரல் பயந்துகொண்டே ஹலோ சொன்னது.

"யாரு நீங்க? அவரு எங்க?"

"அக்கா, நான் பிரபு. ரூம்மேட். ஊரு நம்ம பக்கம், இடையஞ்சாவடிதான்க்கா. அண்ணன் நல்லாத்தான் இருக்காரு, பயப்படாதீங்க."

"எங்க இருக்காருன்னு கேட்டேன்."

பிரபு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முஜீப் டியூட்டியில் இருந்தார். கம்பெனியில் லீவு கேட்டதற்கு, இருக்கிற லீவு பக்ரீத்துக்குப் போய்வரப் போதாது, வெள்ளிக்கிழமைகளில் வேலை செய்தால் அந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஷம்சாத்துக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அதனால் போனையும் ஆட்டத்தையும் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"வெயில்ல இல்லக்கா. ஏசி ஸ்டோருக்குள்ள ஸ்டாக் எடுக்கற வேலை. உள்ள போன் கொண்டு போக விடமாட்டாங்க. இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை போனா லீவு சேந்துடும். அதுவரைக்கும் அக்காவ மட்டும் ஜெயிக்க வுட்டுடாதடா, லீவு இல்லாம நான் இன்னா பதில் சொல்றதுன்னு சொல்லியிருக்காரு. அதான் நானும் பாத்துப் பாத்து ஆடறேன்."

ஷம்சாத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு இப்படி ஆள் வைத்து ஆடலாமா? திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் வீட்டுக்கு வர முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, பெண்டாட்டியைத் தோற்கடிக்க ஆள் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனுஷனை என்னவென்று திட்டுவது? சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தன்னோடு ஆடுவதைவிடத் தன்னிடம் வருவதைத்தான் அவர் பெரிசாக நினைத்திருக்கிறார் என்று எண்ணும்போது மனசெல்லாம் குளிர்ந்துபோனது.

"நான் கேட்டது அவருக்குத் தெரிய வேணாம், பிரபு. தண்ணி குடிச்சாரா, சாப்பிட்டாரான்னு மட்டும் நீ பாத்துக்க" என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை ஷம்சாத் பட்ட பாடு கொஞ்சமில்லை. கஷ்டப்பட்டு ஆடக் கற்றுக்கொண்ட பிறகு வேண்டுமென்றே தப்பாக அடிப்பது லேசான வேலையா என்ன? கை தானாகக் காற்றைக் கணக்குப் போட்டது. குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து நிற்கும்போது, அதை வேறு பக்கம் தள்ளிவிட அவளுக்கு மனசே வரவில்லை. நல்ல பந்தைக் கொண்டுபோய் ஏரியில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கமிருந்து பிரபு கும்பிடுகிற பொம்மையை அனுப்பினான். செல்விக்குத்தான் தாங்கவில்லை.

"பாக்கவே வயிறு எரியுதுக்கா. ஒரு வாட்டி ஜெயிச்சுடேன்."

"சும்மா இரு. ஜெயிச்சா அவரு வர முடியாது" என்றாள் ஷம்சாத். இந்தப் பதிலை யோசித்துப் பார்த்து செல்வியே சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. ஷம்சாத் அஸர் தொழுத கையோடு வந்து உட்கார்ந்தாள். கடைக்கு ரிப்பன் வாங்க வந்த பெண்ணை, அப்புறம் வாம்மா என்று அனுப்பிவிட்டாள். லீவு கிடைத்திருந்தால் இன்றைக்கு அவர் ஆடுவார். கிடைக்காவிட்டால் மறுபடியும் பிரபுதான். வாயால் யாரும் எதுவும் சொல்லவில்லை, முதல் பந்துதான் சொல்ல வேண்டும்.

முதல் அடி அந்தப் பக்கத்துடையது. திரையில் அடியின் வேகத்தைக் காட்டும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது, முழு வேகம். பந்து எழும்பிப் புல்லைத் தாண்டியது, கொடியைத் தாண்டியது, மேடையையும் தாண்டிப் பின்னாலிருந்த தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. விழுந்த அடுத்த நொடி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகம் வந்து நின்றது.

"வந்துட்டாரு" என்றாள் ஷம்சாத். விரிசல் விழுந்த கண்ணாடி மங்கலாகிவிட்டது.

"அழுதுகினே அடிக்காதக்கா. பந்து எங்கியாச்சும் போயிடும்" என்று செல்வி தன் முந்தானையால் போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

பிறகு ஷம்சாத் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. கத்துக்குட்டி மட்டையை வைத்துக்கொண்டு, கொடியைப் பார்த்து, கரையைச் சுற்றி, அளவாகத் தட்டி, ஒன்பதாவது குழியில் பந்தைப் போட்டு முடித்தபோது எதிராளி வெகுதூரத்தில் மணலுக்குள் கிடந்தார். செல்வி எழுந்து நின்று கை தட்டினாள்.

உடனே போன் அடித்தது.

"தோத்துட்டேன்ம்மா" என்றார் முஜீப். குரலில் தோற்ற மாதிரியே இல்லை. "சொன்ன சொல் மாற முடியுமா? பக்ரீத்துக்கு வந்துதான் ஆவணும். லீவு குடுப்பானான்னு கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டுப் பாருங்க" என்றாள் ஷம்சாத், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"எப்படி நீ இவ்ளோ நல்லா ஆடற? எனக்கும் சொல்லிக் குடு. பந்து தண்ணியில வுழாம எப்படி அடிக்கறது?"

"வேணாங்க. நீங்க இப்ப அடிக்கற மாதிரியே அடிங்க. அப்பதான் ஆடறது நீங்கன்னு எனக்குத் தெரியும்."

தம்மாமில் யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடுவது கேட்டது. பிரபுவாகத்தான் இருக்க வேண்டும்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று முஜீப் மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் வூட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் ஷம்சாத்.