எலக்ட்ரான் எங்கே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படித்ததும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 'அணுவில் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது?' என்பது கேள்வி. அணுக்கருவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்திருந்தால் இரண்டு மதிப்பெண். இந்தத் தாளில் வட்டமே இல்லை. 'இன்ன இடத்தில் என்று சொல்ல முடியாது. எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்லலாம். தெருவிளக்கைச் சுற்றும் ஒற்றைக் கொசுவை ஆயிரம் முறை படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெரியும் மேகம்போல.'

அரசுப் பொதுத்தேர்வு என்பதால் தாளில் பெயர் இல்லை. ஆனால் கொசு என்னுடையது. எங்கள் ஊர் மன்சூராவில், பள்ளியில் என் வகுப்புப் பெண்களுக்குச் சொன்னது. அன்று மணி அடித்த பிறகும் என்னை நிறுத்தி அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள் இப்திஹால் ஒருத்திதான்.

தலைமைத் திருத்துநர் லுத்ஃபியிடம் தாளைக் கொண்டுபோனேன். "இதுதாங்க சரி. வட்டமெல்லாம் பழைய கதை."

"எனக்குத் தெரியாதாய்யா?" தேநீரை உறிஞ்சினார். "விடைக்குறிப்புல வட்டம்தானே இருக்கு? உனக்காக அத்தனை தாளையும் மறுபடி திருத்தணுமா? முட்டையைப் போட்டுட்டு அடுத்ததை எடு. பஸ்ஸு போயிரும்."

எழுதி ஆட்சேபிக்க ஒரு படிவம் உண்டு. மேசை இழுப்பறையிலேயே இருந்தது. நான் முட்டை போட்டேன்.

மருத்துவக் கல்லூரிக்கு இப்திஹாலுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைந்தது.

நான்கு வருடம் கழித்து, பெருநாளுக்கு முந்தின நாள், இனிப்புக்கடை ஒன்றில், அங்கே வேலைக்கு நின்ற அவளே என்னைக் கண்டுகொண்டாள். "உஸ்தாத்! என்ன இப்படி இளைச்சிட்டீங்க? வீட்டுல சாப்பாடு போடறதில்லையா?"

பாகில் ஊறிய ரவைக் கேக்கான பஸ்பூசாவைத் துண்டு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "அந்த எலக்ட்ரான் கேள்வியிலதானே எனக்குப் போச்சு? தாளை வாங்கிப் பார்க்கலாம்னாரு அப்பா. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க சரியாத்தான் சொல்லிருப்பீங்க, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

காசை எண்ணி மேசைமேல் வைத்தேன்.

"இந்த வருஷம் தங்கச்சி எழுதறா. ஒண்ணும் யோசிக்காதே, வட்டத்தைப் போட்டுட்டு வாடின்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தாள்.

"நல்லதுதான் சொன்னே," என்றேன்.

அவள் இன்னொரு துண்டைக் கூடுதலாக வைத்து, பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். தெருவுக்கு வருவதற்குள் பாகு அட்டையை நனைத்து என் விரலிடுக்கில் இறங்கியது. துடைக்காமல் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் அவள் அடுத்தவருக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கோணல் இல்லாத, அளந்தெடுத்த சதுரங்கள்.