மேகக்கன்று யார் தலையில் தூறும்?

அம்மா மாய விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். வீட்டின் பின்னறைதான் ஆஸ்பத்திரி. சிறகு முறிந்த குதிரைக்குட்டி, இருமினால் பொறி பறக்கும் பல்லி என்று எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள். மேகக் கூட்டத்தைப் பிரிந்து வந்து மாடிக் கொடிக்கம்பியில் சிக்கிக் கிடந்த மேகக்கன்றை மட்டும் அம்மா மூத்த மகளின் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

மூத்தவள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். மூன்று வேளையும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி ஊட்டினாள். கைக்குட்டை அளவு இருந்தது, இருபது நாளில் தலையணை அளவுக்குத் தேறியது. மேகக்கன்றுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் தலையில் தூறும் என்று அம்மா சொல்லியிருந்தாள். மூத்தவள் தினமும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அத்தனை நாளும் காய்ச்சலில் படுத்திருந்த தங்கை இருபதாம் நாள்தான் எழுந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஐ, குண்டு!" என்றாள். மேகக்கன்று நேரே போய் அவள் தலைக்கு மேல் நின்று பொசுபொசுவென்று தூறியது.

"அக்கா, கிச்சுகிச்சு மூட்டுதுக்கா!"

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஆவியில் கை சிவந்தது இவளுக்கு, நனைவது அவளா?

மறுநாள் தங்கையை வாசலிலேயே மறித்தாள். "உள்ள வராதே. உன் காய்ச்சல் அதுக்கு ஒட்டிக்கும். அம்மா சொன்னாங்க."

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

மேகக்கன்று கதவுப் பக்கமே மிதந்துகொண்டிருந்தது. ஆவியைக் காட்டினால் விலகிப் போனது. மூன்றே நாளில் இளைத்து, அதன் வழியே சுவர்க் கடிகாரம் தெரிய ஆரம்பித்தது.

அம்மா கெட்டிலை முகர்ந்து பார்த்தாள், ஜன்னலைச் சோதித்தாள். "எல்லாம் சரியாத்தானே செய்யறே? அப்புறம் ஏன் இப்படி உருகுது?"

மூத்தவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். "நான்தாம்மா அவளை வரவிடல. பொய் சொன்னேன். வளர்த்தது நான். அவ மேல மட்டும் ஏன் தூறுது?"

"அது எனக்கும் தெரியலடி. முதல்ல அவளைக் கூட்டிட்டு வா."

தங்கையிடம் போய்ச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தங்கை முறைத்தாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். மேகக்கன்று அவளைத் தொப்பலாக நனைத்தது. மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒரு வாரத்தில் அதன் உடம்பு கறுத்துக் கனத்தது. ஒரு மத்தியானம் வயிற்றுக்குள் டமாரென்று இடித்தது. அதன் முதல் இடி! தன் சத்தத்துக்குத் தானே பயந்து, பாய்ந்து வந்து மூத்தவளின் சட்டைக்குள் புகுந்துகொண்டு வெடவெடத்தது.

"ஒண்ணுமில்லடா. உன் வயிறுதான்" என்று அவள் தட்டிக்கொடுத்தாள்.

தங்கை ஈரத் தலையோடு நின்றாள். உதடு பிதுங்கியது. "ஏன் உன்கிட்ட மட்டும் ஓடி வந்துச்சு?"

அந்த முகம் மூத்தவளுக்கு நன்றாகவே தெரியும். கொஞ்ச நேரம் இவளும் வயிறெரியட்டுமே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே விடவும் செய்தாள். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வா, நீயும் தடவிக் குடு. மெதுவா."