குக்கர் கேஸ்கட்டும் உலக சமாதானமும்

தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. கோகுல்நாத் அதை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூக்கு தெரிந்தது, மூக்குக் கண்ணாடி தெரிந்தது, தலைக்கு மேலே எரிந்த டியூப் லைட்கூடத் தெரிந்தது. தெரிய வேண்டியது மட்டும் தெரியவில்லை.

“எம்புட்டுப் பளபளப்பு பாத்தீங்களாண்ணே,” என்றான் நல்லகாமன். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து யாராவது கவனிப்பார்களா என்று ஏங்கிப் போயிருந்தவனின் குரல். “எமரி பேப்பர் போட்டு ஒரு மணி நேரம் தேச்சேன். அதுக்கு மேல பாலிஷ். பூசையன்னைக்கு நீங்க இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.”

“இதுல மெஷினோட நம்பர் இருந்துச்சேய்யா.”

“ஆமாண்ணே. கன்னங்கரேல்னு கெடந்துச்சு. அதையும் எடுத்தாச்சு.”

கோகுல்நாத்துக்குக் கோபம் வரவில்லை. ஐம்பத்தாறு வயதில், இருபது வருஷம் மேனேஜராக இருந்த பிறகு, கோபம் வருவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. திட்டுவதற்கும் இடமில்லை. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய இந்தப் பட்டறையில் வருஷா வருஷம் நடக்கிற காரியம்தான். பூஜைக்கு முதல் நாள் எல்லா மெஷினையும் கழுவி, துடைத்து, பச்சை பெயிண்ட் அடித்து, சந்தனப் பொட்டு வைப்பார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்து வந்து, எடுபிடியாகச் சேர்ந்து, இன்று பெரிய மெஷினை ஓட்டுகிற நல்லகாமன் தன் மெஷினுக்கு மட்டும் ஒரு படி கூடுதலாகச் செய்திருக்கிறான். பக்தி. அதற்கு மெமோ கொடுக்க முடியாது.

அந்தப் பெரிய மெஷின் வந்த கதையே தனி. பட்டறையில் செய்வது குக்கர் மூடிக்கு வைக்கிற ரப்பர் வளையத்துக்கான அச்சு. அதற்கு மூன்று திசையில் வெட்டுகிற மெஷின் போதும். நான்கு என்றால் ஆடம்பரம். ஆனால் கப்பலூரில் போட்டிக் கம்பெனிக்காரர் நான்கு திசை மெஷின் வாங்கி, அதைப் பார்க்க ஊரையே கூப்பிட்டு டிபன் போட்டுவிட்டார். அந்த டிபனில் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளி சந்தானம் அன்றைக்கே முடிவு செய்தார்: “நமக்கு அஞ்சு.” அமெரிக்காவிலிருந்து பழைய மெஷின் ஒன்று கப்பலில் வந்தது. ஐந்தாவது திசையில் அது திரும்பியது வருஷத்தில் ஒரு நாள், பூஜைக்கு வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட. ஆனால் அணு ஆயுதம் பரவாமல் தடுக்கிற சட்டத்தில் அந்த ஐந்தாவது திசைதான் பிரச்சினையாம். நான்கோடு நின்றிருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

அதனால் அமெரிக்க அரசாங்கத்தில் எழுத்தில் ஒரு உறுதிமொழி கேட்டார்கள். இந்த இயந்திரத்தைக் கொண்டு அணு ஆயுதமோ, ஏவுகணையோ செய்ய மாட்டோம், செய்கிறவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டோம், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சந்தானம் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். “நீயே போட்டுரு மாப்ள,” என்று போனில் சொன்னார். கரண்ட் பில்லுக்கும் கூரியர் ரசீதுக்கும் நடுவே, தயிர்சாதக் கையைத் துடைத்துவிட்டு, தான் அணுகுண்டு செய்யப்போவதில்லை என்று கோகுல்நாத் உலகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது நடந்து இரண்டு வருஷம். இப்போது ஃபேக்ஸ் வந்திருக்கிறது. அமெரிக்க அதிகாரி ஒருவர் நாளைக் காலை நேரில் வந்து பார்க்கிறாராம்.

மெஷினை விற்றுக்கொடுத்த சென்னை ஏஜென்டின் ஆள் வெங்கடேஷ்பாபு. அதிகாரியை அழைத்துக்கொண்டு வரப்போகிறவரும் அவர்தான். போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். “சீரியல் நம்பர் மட்டும் சரியா இருந்தாப் போதும் சார். நம்பர் இல்லேன்னா மெஷினை யாருக்கோ கைமாத்திட்டு வேற எதையோ காட்டுறீங்கன்னு எழுதிருவாங்க. கையெழுத்துப் போட்டவர் பேர் அவங்க தடைப் பட்டியல்ல ஏறிரும். ஏறிருச்சுன்னா அமெரிக்கா விசான்னு அந்தத் திசைப் பக்கமே தலை வச்சுப் படுக்க முடியாது.”

கோகுல்நாத்துக்கும் மனைவி லலிதாம்பாளுக்கும் அடுத்த வாரம் சென்னையில் விசா இன்டர்வியூ. மகள் ரம்யாஸ்ரீ அமெரிக்காவில் ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் போனதிலிருந்து அவளை இவர்கள் பார்க்கவில்லை. முதல் பிரசவத்துக்குப் பக்கத்தில் அம்மா வேண்டும் என்று போனில் அழுதாள். லலிதாம்பாள் அதற்குப் பிறகு கந்தசஷ்டியையும், தீபாவளியையும், நாள் கிழமை எல்லாவற்றையும் விசாவுக்கு முன், விசாவுக்குப் பின் என்றுதான் கணக்குப் பண்ணுகிறாள். தகடு விஷயத்தை கோகுல்நாத் வீட்டில் மூச்சு விடவில்லை.

சந்தானத்திடம் போய்ச் சொன்னார். லலிதாம்பாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர். வீட்டில் மச்சான், பட்டறையில் சார். ஒரு பையன் நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு படத்தைக் கழற்றுவதை அவர் அப்போது மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றெட்டில் பொக்ரானில் குண்டு வெடித்தபோது எடுத்த படம். ‘அணு வல்லரசு பாரதம் வாழ்க! இவண்: சந்தானம் மோல்ட்ஸ்’ என்ற துணிக்குக் கீழே, பட்டறை வாசலில், சந்தானம் போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் மறித்து லட்டு கொடுத்துக்கொண்டிருப்பார். பேப்பரில்கூட வந்தது. படம் இறங்கிய இடத்தில் சுவர் ஒரு சதுரத்துக்கு வெளுப்பாக இருந்தது. அந்தச் சதுரத்தை மறைக்க ஒரு காந்தி காலண்டர் தயாராக மேஜை மேல் கிடந்தது.

“நம்பர்தானே? இன்வாய்ஸ்ல இருக்குல்ல?” என்றார் சந்தானம். “டவுன்ஹால் ரோட்டுல பைக்குக்கு நம்பர் பிளேட் அடிக்கிறான். அவன்கிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள அதே மாதிரி போட்டுத் தரப்போறான். இதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிட்டு வாரியே மாப்ள.”

“பொய்த் தகடு மச்சான் அது.”

“நம்பர் மெய்யிதானே?”

இந்தக் கேள்விக்குப் பதில் யோசிப்பதற்குள் சந்தானம் நல்லகாமனை ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டார். பிறகு நாதஸ்வரக்காரருக்குப் போன் போட்டார். கோகுல்நாத் தொழிலாளிகளைக் கூட்டி ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். “நாளைக்கு யாரு வாயிலயும் ஆயுத பூஜைங்கிற வார்த்தை வரக் கூடாது. சரஸ்வதி பூஜை. என்ன?”

“அப்ப மெஷினு படிக்குமாண்ணே?” என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. கோகுல்நாத்தும் சிரித்துவைத்தார்.

மறுநாள் காலை அவர் போனபோது வாசலில் துணி கட்டியாகிவிட்டது. ‘உலக சமாதானத்தின் தூதுவரே வருக!’ தூதுவரின் படம் கிடைக்காததால் சந்தானத்தின் படத்தையே இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள். உள்ளே மெஷினின் முதுகில் புதுத் தகடு, நான்கு ஸ்குருவோடு, சுத்தமாக உட்கார்ந்திருந்தது. கோகுல்நாத் குனிந்து இன்வாய்ஸோடு ஒத்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் சரி. எழுத்தின் அமைப்புகூட அச்சு அசலாக இருந்தது. நிமிரப் போனவர் மறுபடி குனிந்தார். எண்ணுக்கு மேலே, நடுவில், சின்னதாக, அழகாக ஒரு பிள்ளையார் சுழி.

“நான்தாண்ணே போடச் சொன்னேன்,” என்றான் நல்லகாமன். “பெரிய கண்டத்துலருந்து தப்பிக்கப் பாக்குறோம். மொட்டையா நம்பர மட்டும் அடிச்சா நல்லாவா இருக்கும்? கடைக்காரரு அதுக்குக் காசுகூட வாங்கல.”

வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது.

அதிகாரி ஐம்பது வயதுக்காரர். வெயிலில் சிவந்த முகம், கையில் தண்ணீர் பாட்டில், கண்ணில் முந்தின ஊரின் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத களைப்பு. மாலையைப் போட்டார்கள், பொன்னாடையைப் போர்த்தினார்கள். அவர் இரண்டையும் தலைவலிக்காரன் தைலத்தை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டார். அவரைப் பார்த்ததும் கோகுல்நாத்துக்கு ஏனோ ஒரு ஒட்டுதல் உண்டாயிற்று. இவரும் யாரோ போட்ட சட்டத்துக்கு ஊர் ஊராகப் போய்க் குனிந்து பார்க்கிறவர். குண்டை வைத்திருப்பவர்கள் எங்கோ ஏசி அறையில் இருக்கிறார்கள். குண்டு பரவாமல் பார்த்துக்கொள்ள இரண்டு முதுகுவலிக்காரர்கள் விளாங்குடியில் நிற்கிறார்கள்.

சந்தானம் விடவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து இங்கிலீஷில் முழங்கினார். தமிழ்நாட்டிலேயே இப்படி ஒன்று கிடையாது என்றார். கப்பலூர்க்காரனிடம் இருப்பது தையல் மெஷின் என்றார். உச்சக்கட்டமாக, இரண்டு கையையும் விரித்து, “இந்த மெஷின்ல எதை வேணும்னாலும் செய்யலாம் சார்! எனிதிங்!” என்றார்.

அதிகாரியின் பேனா நின்றது. “எனிதிங்?”

“குக்கர் கேஸ்கட் சார்,” என்று கோகுல்நாத் அவசரமாக நடுவில் புகுந்தார். “ஒன்லி குக்கர் கேஸ்கட்.” ஒரு வளையத்தை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். உலகத்துக்கு ஆபத்து எதுவும் தென்படவில்லை போல. மெஷினின் பின்பக்கம் போனார், குனிந்தார், காகிதத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாக உதடு அசைந்தது. தலையை ஆட்டினார். பிறகு சுழியின் மேல் விரலை வைத்தார். இது என்ன என்று கேட்டார்.

“கம்பெனி மார்க்,” என்றார் சந்தானம். கண் இமைக்கவில்லை.

அதிகாரி ஒரு போட்டோ எடுத்தார், பக்கத்தில் போய் இன்னொன்று எடுத்தார், நன்றி சொன்னார். அவ்வளவுதான். கார் வரைக்கும் மேளம். வெங்கடேஷ்பாபு டையைத் தளர்த்திக்கொண்டு கோகுல்நாத்தின் காதோரம் வந்தார். “முடிஞ்சது சார். இனி அந்த போட்டோவ மெஷின் செஞ்ச கம்பெனிக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்பாங்க. சும்மா ஃபார்மாலிட்டி.”

கோகுல்நாத் அந்தக் கம்பெனியை நினைத்துப் பார்த்தார். ஏதோ ஒரு குளிர் தேசத்து ஊரில், காபியைக் குடித்துக்கொண்டு, ஒருவர் அந்தப் போட்டோவைப் பார்ப்பார். தாங்கள் செய்த தகடுகளில் என்றைக்காவது பிள்ளையார் சுழி போட்டோமா என்று யோசிப்பார். நிறைய நேரம் யோசிக்க மாட்டார். ஒரு வாரமோ, பத்து நாளோ. அதற்குள் விசா குத்தியிருக்கலாம், விமானத்தில்கூட ஏறியிருக்கலாம். அல்லது இறங்குகிற இடத்தில் லலிதாம்பாளைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். கையில் பருப்புப் பொடியோடு. அந்த பெஞ்சு அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

தன் மேஜை டிராயரைத் திறந்து பழைய தகட்டை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். அதை நேர்மை என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். பொய்யைக் காப்பாற்றத் தினமும் அதற்குத் தீனி போட வேண்டும். அவருக்கு அவ்வளவு தெம்பில்லை, அவ்வளவுதான்.

“சார், அது நேத்து செஞ்ச தகடு,” என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். “ஒரிஜினல் இது. பூஜைக்காகத் தேய்ச்சுட்டாங்க. நம்பர் போயிருச்சு. மெஷின் அதேதான். கையெழுத்துப் போட்டது நான்.”

நாதஸ்வரம் பாதியில் நின்றது. சந்தானம் முகத்தில் சிரிப்பு மாறாமல், தங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில், சிரிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தை சொன்னார். அதிகாரி தகட்டை வாங்கினார். அதில் தன் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் ஒட்டியிருந்த மாலைப் பூ ஒன்றை எடுத்துப் போட்டார்.

“யார் செய்தது?”

வெங்கடேஷ்பாபு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நல்லகாமன் முன்னால் வந்துவிட்டான். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார். “நாந்தான் சார்,” என்றான், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரி அவனையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரம் அசைந்தது சிரிப்பா, வயிற்றுவலியா என்று கோகுல்நாத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“என்ன எழுதுவீங்க சார்?”

“பார்த்ததை எழுதுவேன்,” என்றார் அதிகாரி. “முடிவு செய்கிறவர்கள் வேறே.” கார் கதவு சாத்திக்கொண்டது.

சந்தானம் அதற்குப் பிறகு பேசவே இல்லை. மச்சானாகவும் பேசவில்லை, சாராகவும் பேசவில்லை.

சாயங்காலம் கோகுல்நாத் வீட்டுக்குப் போனபோது கீழே யாருமில்லை. மொட்டை மாடியிலிருந்து சத்தம் வந்தது. ஏறிப் போனார். மத்தியானம் பெய்த மழை மாடியின் ஒரு மூலையில் தேங்கிக் கிடந்தது. லலிதாம்பாள் சுங்கடிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளை சாக்ஸும் வெள்ளை ஷூவும் போட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவளை ஷூவோடு அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“அங்க பனியில செருப்பு ஆகாதாம். இப்பவே போட்டுப் பழகிக்கம்மான்னு ரம்யா சொன்னா,” என்றாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிர பாஷை. ஷூவும் பனியும் அதில் புதிதாக ஒலித்தன. “முன்னால கொஞ்சம் கடிக்குது. நாலு நாள் நடந்தா சரியாப் போயிரும். ஏன், இன்னைக்கு அமெரிக்காக்காரர் வந்தாராமே? அண்ணன் வீட்டுல சொன்னாங்க.”

“வந்தார்.”

“நல்ல மனுஷரா?”

“பாவம், நல்ல மனுஷர்தான்.”

“அவர்கிட்ட நம்ம விஷயத்தையும் ஒரு வார்த்தை போட்டு வச்சீங்களா?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்த சுற்றுக்குத் திரும்பிவிட்டாள். தேங்கிய தண்ணீரை இதுவரை ஒதுங்கிப் போனவள், இந்த முறை ஒரு கணம் யோசித்து, பனியாகவே இருக்கட்டும் என்று அதற்குள் இறங்கி, கையை இரண்டு பக்கமும் விரித்துத் தடுமாறாமல் நடந்து அக்கரை ஏறினாள். காய்ந்த தரையில் கட்டம் கட்டமாக ஷூ தடம் விழுந்தது. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, தொட்டியைச் சுற்றிக்கொண்டு. அவள் மறைந்து மறுபக்கம் தெரிவதற்குள் முதல் தடத்தின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.