வண்டியின் நெஞ்சில் குங்குமம்

முனிராஜின் டாக்சிக்கு ஞாயிற்றுக்கிழமையோடு எஃப்.சி. முடிகிறது. மஞ்சள் போர்டு வண்டி பழசாகிவிட்டால் வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வாங்கி வரவேண்டும். அது இல்லாமல் ஆள் ஏற்றக் கூடாது. மற்ற வருஷங்களில் முனிராஜ் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதில்லை. வண்டி கொஞ்ச நாள் நின்றால் நிற்கட்டும் என்று இருந்துவிடுவார். இந்த வருஷம் அப்படி இருக்க முடியாது. திங்கட்கிழமை நிர்மலாவின் குழந்தைக்கு மாதேஸ்வரன் மலையில் முடியிறக்கு.

நிர்மலாவும் அவள் புருஷன் செந்தில்நாதனும் அதே தெருவில் கடைசி வீட்டுக்காரர்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. வலி கண்ட அன்று கொட்டுகிற மழையில் நிர்மலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது முனிராஜின் வண்டிதான். வழியெல்லாம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போனவள், "புள்ள நல்லபடியாப் பொறந்தா இதே வண்டியில மலைக்குக் கூட்டிக்கிட்டு வரேன் மாதேஸ்வரா" என்று வேண்டிக்கொண்டாள். முன்சீட்டில் இருந்த முனிராஜின் மனைவி சுலோசனா அதற்குச் சாட்சி. ஆகவே வேறு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சோதனைக்கு நாள் பதிவு செய்வது மகள் அஷ்வினியின் பொறுப்பு. போனைத் தட்டிக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ஸ்லாட் இருக்கு. அத விட்டா அடுத்த மாசந்தான்."

"போடு கண்ணு, போடு."

"ஓ.டி.பி. அம்மா நம்பருக்கு வந்திருக்கும். அம்மா, என்ன நம்பர் வந்துச்சு?"

சுலோசனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பவே அழிச்சுப்புட்டேன். யாரு கேட்டாலும் சொல்லாதே, திருடனுங்கன்னு நீதான சொன்ன?"

"நான் திருடியாம்மா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ அந்த ரூம்ல இருக்க, அது இங்க வருது."

மறுபடி ஓ.டி.பி. வரவழைத்து, வெள்ளிக்கிழமை கை நழுவிப் போகாமல் பிடித்தாயிற்று.

அதற்குப் பிறகு முனிராஜுக்குப் பம்பரமாகச் சுழல்கிற வேலை. பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். புகைச் சோதனை முடித்தார். ஒளிரும் பட்டைகளைப் புதிதாக ஒட்டினார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சீப்பும் காய்ந்த எலுமிச்சம்பழமும்தான் இருந்தன. சுலோசனா தலையில் அடித்துக்கொண்டு பஞ்சும் மருந்தும் வாங்கி நிரப்பினாள். வெள்ளிக்கிழமை காலை வண்டி கல்யாண மாப்பிள்ளைபோல மினுமினுத்தது. "நானும் வரேனுங்க, ஓரமா நின்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

சோதனை மைதானத்தில் ஆட்டோக்களும் சரக்கு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. இன்ஸ்பெக்டர் மனிஷா என்கிற இளம்பெண். விளக்கு, ஹார்ன், வைப்பர், பிரேக் எல்லாம் பார்த்தாள், ஒன்றிலும் குறையில்லை. முனிராஜுக்குப் பாதி பாரம் இறங்கியது.

"பானெட் தெகீரி" என்றாள் கன்னடத்தில்.

பானெட்டைத் திறந்தார். சேசிஸ் நம்பரைப் படமெடுத்து ஏற்றவேண்டும் என்பது இப்போது வந்த விதி. போன தடவை அந்தக் கட்டாயம் இல்லை. மனிஷா போனை நீட்டிக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"இதேனிது?"

எஞ்சினுக்குப் பின்னால் தகரத்தில் நம்பர் பொறித்திருக்கும் இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கனத்த காரை ஒன்று படிந்திருந்தது. சந்தனமும் விபூதியும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, எஞ்சின் சூட்டில் வெந்து, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தன. முதல் சில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மற்றவை உள்ளே.

முனிராஜ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"சாமி எந்திரத் தகடுன்னு நெனச்சனுங்க" என்றாள் சுலோசனா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எழுத்து எழுத்தா வெட்டியிருந்துச்சு. வண்டிக்கு நெஞ்சு மாதிரி நடுவுல வேற இருந்துச்சு. ஆயுத பூசைக்கு மட்டுந்தான் வெச்சுக்கிட்டு இருந்தேன். நிர்மலாவுக்குப் புள்ள பொறந்ததிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை வெச்சேன்."

மனிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாலும், சொல்லவேண்டியதைக் கன்னடத்தில் கண்டிப்பாகவே சொன்னாள். நம்பர் முழுதாகத் தெரிந்தால்தான் பாஸ். சுரண்டக் கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் நம்பரைத் திருத்தியதாகக் கணக்காகிவிடும். சாப்பாட்டு வேளைக்குள் சுத்தம் செய்து காட்டினால் பார்ப்பாள். அதற்குமேல் வேறு ஊரில் வேலை இருக்கிறது.

முனிராஜின் தொண்டை வரைக்கும் ஒரு பேச்சு வந்துவிட்டது. அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். யாரோ பெற்ற குழந்தைக்காக மாதாமாதம் பூசியவள். வந்த பேச்சை அப்படியே விழுங்கினார். வாயைத் திறக்காமல் இருப்பதும் சில நேரம் பெரிய தர்மம்தான்; அதைச் செய்கிறவர்களுக்கு அடுத்த வழியைச் சாமி காட்டிவிடுகிறார்.

"ஏம்புள்ள, நம்ம குத்துவௌக்குல இப்படிப் படிஞ்சா என்ன பண்ணுவ?"

சுலோசனா முகத்தில் உயிர் வந்தது. "எண்ணெ போட்டு ஊறவெப்பேன். அப்புறம் சுடுதண்ணி. அதுக்கப்புறம் புளி."

அடுத்த ஆளாக நின்றிருந்த சரக்கு ஆட்டோக்காரன் பிரசாந்த் அதற்குள் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டான். "தள்ளு குரு, ரெண்டே நிமிஷம்" என்று முனிராஜை விலகச் சொன்னான்.

சுலோசனா குறுக்கே வந்து நின்றாள். "தம்பி, அத உள்ள வெச்சிரு. மேடம் சொன்னது காதுல விழலையா? உதவணும்னா சுடுதண்ணி கொண்டா."

அவன் எதிரே இருந்த நஞ்சம்மாவின் டீக்கடைக்கு ஓடினான். சுடுதண்ணீர் போதாது என்று நஞ்சம்மாவே கெட்டிலும் கையுமாக வந்தாள்; இன்னொரு கையில் ரசத்துக்கு வைத்திருந்த புளி, இடுப்பில் தேங்காயெண்ணெய்ப் புட்டி. எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "சாமிக்கு வெச்ச குங்குமத்த யாராச்சும் இப்படிக் கொதிக்கக் கொதிக்கக் கழுவுவாங்களா?"

"அந்தச் சாமிக்குத்தான் அவசரங்க்கா. திங்கக்கெழம நாங்க மலைக்குப் போகணும்."

எண்ணெயில் ஊறியது. வெந்நீரில் நனைத்த துணியில் ஆவி பறந்தது. பிரசாந்த் பிளக் துடைக்கிற பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷைக் கொடுத்தான். சுலோசனா புளியை வைத்து, குழந்தைக்குத் தலை தேய்ப்பதுபோல நோகாமல் தேய்த்தாள். சிவப்புச் சேறு வழிந்தது. ஒரு எண் தெரிந்தது. சுற்றி நின்ற டிரைவர்கள் கூடவே சேர்ந்து படித்தார்கள். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி எண்ணில் எல்லாம் நின்றது.

"மூணு" என்றான் பிரசாந்த்.

"எட்டுங்க, ஆர்.சி.யில எட்டு" என்றார் முனிராஜ்.

"உங்க ஆர்.சி.யில எட்டு, இங்க மூணுன்னா அப்புறம் மைசூர் ஜெயில்தான்."

"நல்ல வாயா நாலு வார்த்தை சொல்லேம்ப்பா."

சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டிருந்தது. முனிராஜ் பயந்து பயந்து இன்ஸ்பெக்டர் பக்கம் பார்த்தார். மனிஷா கிளம்பவில்லை. மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை மெதுவாக யாரும் சித்ரான்னம் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

"எண்ணெ போதலீங்க" என்றாள் சுலோசனா. மறுபடி ஒரு சொட்டு விட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு புளி, வெந்நீர், துணி. துணியை எடுத்தபோது, மூணின் இடது பக்கம் மெல்லிய கோடு ஒன்று வளைந்து வந்து சேர்ந்தது.

"எட்டு" என்றாள் நஞ்சம்மா, ஏதோ அவள் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததுபோல.

மனிஷா கைகழுவி வந்தாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. படமெடுத்து ஏற்றி, பாஸ் என்று குறித்துவிட்டுச் சுலோசனாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். "அக்கா, இனிமே பூஜை டயருக்குப் பண்ணுங்க. அது தேஞ்சாலும் மாத்திக்கலாம்."

முனிராஜ் உடனே போன் போட்டார். நிர்மலா எடுத்து, அவர் சொல்லி முடிக்குமுன் அழுதாள். அழுதுகொண்டே செந்தில்நாதனிடம் சொல்லிச் சிரித்தாள்.

புறப்படும்போது நஞ்சம்மா கடையிலிருந்து ஒரு சாம்பிராணிப் பொட்டலம் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "மலை மாதப்பனுக்கு என் பேர்ல போட்டிருங்க. எனக்கு அவ்வளவு தூரம் போக எங்க முடியுது."

முனிராஜ் கையை நீட்டவில்லை. "பின்சீட்டுல எடம் இருக்குதுங்க்கா. நீங்களே வந்து போடுங்க."

"கடை?"

"திங்கக்கெழம நான் பாத்துக்கறேன்" என்றான் பிரசாந்த். "டீ நல்லா இருக்காது. ஆனா வேளைக்குக் கெடைக்கும்."

திங்கட்கிழமை விடியற்காலை வண்டி டீக்கடை முன்னால் வந்து நின்றபோது, குளித்து, பூ வைத்து, நஞ்சம்மா ரோட்டோரம் தயாராக நின்றிருந்தாள். நிர்மலா தூங்குகிற குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்று நகர்ந்து இடம் விட்டாள்.